எட்டாவது கட்டம்

கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்த அன்று என் அசல் சான்றிதழ்களை ஒரு பழுப்பு உறையில் போட்டு வாங்கிக்கொண்டார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இளநிலை, முதுநிலை என்று எல்லாமே. உறையின் மேல் என் பெயரை எழுதி, ஓர் எண் போட்டு, அதே எண்ணை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். என்னுடன் அன்று சேர்ந்த நால்வரும் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். எனக்கு இருபத்தைந்து வயது. முதல் வேலை. கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக வகுப்புக்குப் போய்விட்டேன்.

கல்லூரி கரூர் சாலையில் இருந்தது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ் பிடித்துச் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து கல்லூரி பஸ்ஸில் போக வேண்டும். கணினி ஆய்வகத்தின் ஜன்னலைத் திறந்தால் வாழைத்தோப்பு. நான் முதலாம் ஆண்டு பிசிஏ மாணவிகளுக்கு மூன்று பாடம் எடுத்தேன்: தகவல் அமைப்புகள் அறிமுகம், டேட்டாபேஸ், வலைப்பக்கம் எழுதும் புரோகிராமிங். முதல் வகுப்பில் எப்போதும் ஒன்றைச் சொல்வேன். தகவல் அமைப்பு என்றதும் கணினியை நினைக்காதீர்கள். முதலில் மனிதர்கள், பிறகு அவர்கள் வேலை செய்யும் முறை, பிறகு தரவு, கடைசியில்தான் இயந்திரம். மாணவிகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். நானும் புத்தகத்தில் படித்ததைத்தான் சொன்னேன். அதன் பொருள் எனக்கும் அப்போது தெரியாது.

சேர்ந்த இரண்டாம் ஆண்டு ஒரு பெண்ணின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் இரண்டு நாள் காணாமல் போனது. அலுவலகமே தலைகீழானது. கடைசியில் வேறொரு உறைக்குள் இருந்தது. அதன் பிறகு தாளாளர் என்னைக் கூப்பிட்டு, யாருடைய சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று உடனே சொல்லும்படி ஒரு சிஸ்டம் செய்ய முடியுமா என்று கேட்டார். அறுபது வயதுக்காரர். குரலை உயர்த்தியே நான் பார்த்ததில்லை. எல்லோரையும் 'மேடம்', 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து செய்தேன். மாணவிகளுக்கு ஒரு டேபிள், ஆசிரியர்களுக்கு ஒன்று, உறைகளுக்கு ஒன்று, பீரோக்களுக்கு ஒன்று. ஒவ்வொரு உறைக்கும் வேறு யாருக்கும் இல்லாத ஓர் எண். அந்த எண்ணைத் தட்டினால் எந்த அறை, எந்த பீரோ, எந்தத் தட்டு, எத்தனையாவது உறை என்று திரையில் வந்துவிடும். யார் எப்போது எதை மாற்றினாலும் அது தானாகவே ஒரு குறிப்பேட்டில் ஏறும்படியும் செய்திருந்தேன். வகுப்பில் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் நிஜமாகச் செய்து பார்த்த மகிழ்ச்சி எனக்கு. அப்பாவை உட்கார வைத்து லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினேன்.

அதில் விடுவிப்புப் பக்கம் என்று ஒன்று. கல்லூரியை விட்டுப் போகிறவர் விண்ணப்பித்தால் நூலகம், ஆய்வகம், விடுதி, பேருந்து, துறைத் தலைவர், தேர்வுப் பிரிவு, அலுவலகம் என்று ஏழு பேர் ஆளுக்கொரு கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். ஏழும் பச்சையானால் ஒரு சீட்டு அச்சாகும். அந்தச் சீட்டைக் காட்டினால் அலுவலகச் சூப்பரின்டெண்டென்ட் அம்மா உறையை எடுத்துக் கொடுப்பார்.

தாளாளர் பார்த்துவிட்டுப் பாராட்டினார். கடைசியாக எட்டாவது கட்டம் ஒன்று வேண்டும் என்றார். தாளாளர் ஒப்புதல். சரி என்றேன். நீங்கள் மறுத்தால் காரணம் எழுத ஓர் இடம் வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"நான் எதுக்கு மேடம் மறுக்கப் போறேன்? அதெல்லாம் வேணாம்" என்றார்.

அதனால் அந்தக் கட்டத்தில் டிக் செய்யலாம், அல்லது வெறுமனே விட்டுவிடலாம். மூன்றாவது வழி இல்லை. அதே வாரம் வகுப்பில் ஆங்கிலத்தில் 'நல்' (null) என்று சொல்லும் வெற்று மதிப்பைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். டேட்டாபேஸில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அது பூஜ்யம் அல்ல, 'இல்லை' என்ற பதிலும் அல்ல. பதிலே இன்னும் வரவில்லை என்று பொருள். மாணவிகளுக்கு அது புரியவே நேரமாகும். நான் இரண்டு மூன்று முறை சொல்லிக்கொடுத்தேன். தாளாளர் கேட்டு வாங்கிய எட்டாவது கட்டத்தை மட்டும் நான் யோசிக்கவில்லை.

அந்தத் தை மாதம் எனக்குக் கல்யாணம் ஆனது. அவருக்குப் பெங்களூரில் வேலை. நடந்துகொண்டிருக்கும் செமஸ்டரை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி நான் ஸ்ரீரங்கத்திலேயே அப்பா அம்மாவுடன் இருந்தேன். அதற்குள் அங்கே ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலையும் கிடைத்தது. சேரும் நாளில் அசல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும் என்றார்கள். நான் ராஜினாமாக் கடிதம் கொடுத்து, நானே செய்த பக்கத்தில் நானே விண்ணப்பித்தேன். மூன்று நாளில் ஏழு கட்டங்களும் பச்சையாகிவிட்டன.

எட்டாவது அப்படியே இருந்தது.

ஒரு வாரம் பொறுத்துத் தாளாளரைப் பார்க்கப் போனேன். உட்காரச் சொன்னார். காபி வந்தது. மாப்பிள்ளை எந்தக் கம்பெனி, வீடு பார்த்தாயிற்றா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு, "பார்க்கலாம் மேடம்" என்றார். அடுத்த வாரம் போனேன். அதே நாற்காலி, அதே காபி, அதே வார்த்தை. மறுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், ஏன் என்று கேட்டிருக்கலாம். அவர் மறுக்கவே இல்லை. பெங்களூர் நிறுவனம் சேரும் தேதியை ஒரு முறை தள்ளிக்கொடுத்தது, இரண்டாம் முறை தள்ளிக்கொடுத்தது. பிறகு அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டதாக மின்னஞ்சல் வந்தது.

அடுத்த செமஸ்டர் தொடங்கியது. நான் பழையபடி அதே வகுப்புக்குப் போனேன். காலையில் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் மூச்சை யாரோ பிடித்து வைத்திருப்பதுபோல இருக்கும். தெருவில் காய்கறி வண்டிக்கு முன்னால் நின்றால் யாராவது கேட்பார்கள். பக்கத்து வீட்டு மாமி ஒரு நாள், "என்னடி, இன்னும் ஆத்துக்காரர்கிட்ட போகலையா? ஏதாவது மனஸ்தாபமா?" என்று தணிந்த குரலில் கேட்டார். இல்லை மாமி, சர்டிபிகேட் வரவில்லை என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. காகிதத்துக்காக ஒரு பெண் புருஷன் வீட்டுக்குப் போகாமல் இருப்பாள் என்று யார்தான் நம்புவார்கள்?

பெங்களூரிலிருந்து என் கணவரும் போனில் அதைத்தான் சொன்னார். விட்டுவிட்டு வா, தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளலாம் என்றார். அதற்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும். என் சான்றிதழ்கள் தொலையவில்லை. மூன்றாம் எண் அறை, இரண்டாவது பீரோ, நான்காவது தட்டு, பதினேழாவது உறை. இதைக் கண்டுபிடித்துச் சொல்லும் சிஸ்டத்தைச் செய்த நானே போய், எங்கே என்று தெரியவில்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டும். என்னால் முடியவில்லை. அதைப் பிடிவாதம் என்று அவர் சொன்னார். அன்று இரண்டு பேரும் சரியாகப் பேசாமலே போனை வைத்தோம்.

ஆவணி மாதம் முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி ஆய்வகத்துக்கு வந்தாள். மருங்காபுரிப் பக்கத்துக்காரி. அப்பா மானாவாரியில் கடலை போடுகிறவர். வகுப்பில் அதிகம் பேசாதவள், ஆனால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அவளுக்கு இரண்டாம் கட்டக் கலந்தாய்வில் அரசு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அசல் மதிப்பெண் பட்டியலோடு போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. அன்றைக்கு வியாழக்கிழமை. எங்கள் கல்லூரியை விட்டு முதல் வருஷமே ஒருத்தி போனால் மீதி வருஷங்களுக்கு அந்த இடம் காலியாகக் கிடக்கும், கட்டணமும் வராது. அவளுக்கும் ஏழு கட்டம் பச்சை, எட்டாவது காலி.

"மேம், ஆபீஸ்ல கேட்டா சிஸ்டம்ல வரலங்கிறாங்க. சிஸ்டம் நீங்க பண்ணுனதுதானே மேம்? ஏன் வரமாட்டேங்குது?"

திரையைத் திருப்பி அவளுக்குக் காட்டினேன். ஏழு பச்சையையும் விரலால் எண்ணிப் பார்த்தாள்.

"இந்தக் கடைசிக் கட்டத்துல யாரு வேணாம்னு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலம்மா."

"அப்ப குடுக்கலாம்தானே?"

தாளாளரைத் தேடிப் போனேன். ஒரு கல்யாணத்துக்காக மதுரை போயிருந்தார், சனிக்கிழமைதான் வருவார். போன் அடித்தது, எடுக்கவில்லை. மூன்று முறை அடித்தேன். பிறகு சூப்பரின்டெண்டென்ட் அம்மாவிடம் போனேன். இருபது வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவர், இரக்கமில்லாதவர் அல்ல. அந்தப் பெண்ணுக்குத் தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்து உட்கார வைத்திருந்தார். ஆனால் சீட்டு இல்லாமல் உறையைத் தொட முடியாது என்றார். முன்பெல்லாம் ரொம்ப அவசரம் என்றால் அவரே எடுத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு தாளாளரிடம் சொல்லிக்கொள்வாராம். இப்போது சிஸ்டம் வந்துவிட்டதே என்றார். குறையாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மனிதர்களுக்குள் இருந்த ஒரு சின்ன வழியை நான்தான் அடைத்திருக்கிறேன்.

மதியம் மூன்று மணி இருக்கும். ஆய்வகத்தில் யாரும் இல்லை. டேட்டாபேஸுக்குள் நேரடியாகப் போகும் கடவுச்சொல் என்னிடம் இருந்தது. செய்தவள் நான்தானே. ஒரே வரி எழுதினால் போதும், காலிக் கட்டம் நிரம்பிவிடும். அந்த வரியின் கடைசியில் யாருக்கு என்று ஒரு நிபந்தனை எழுத வேண்டும். அதை எழுத மறந்தால் டேபிளில் இருக்கும் எல்லாருக்குமே மாறிவிடும். புதிதாகப் படிக்கிறவர்கள் செய்கிற தப்பு அது, ஒவ்வொரு வருஷமும் எச்சரிப்பேன். அன்று அதை எழுதாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதாமல் விட்டால் மூன்றாம் எண் அறையில் சான்றிதழ் மாட்டியிருக்கும் அத்தனை பேரும் ஒரே நொடியில் விடுதலை. நானும்.

பிறகு அவளுடைய எண்ணை மட்டும் எழுதி அனுப்பினேன். என் எண்ணையும் சேர்த்திருக்கலாம். ஏன் சேர்க்கவில்லை என்று இன்றுவரை பலர் கேட்டுவிட்டார்கள். நேர்மை என்று சொன்னால் பொய். அவளுக்காகச் செய்தால் உதவி, எனக்காகச் செய்தால் திருட்டு என்று தோன்றியது. இரண்டும் ஒரே காரியம்தான் என்றும் தெரிந்திருந்தது. தைரியம் அவ்வளவுக்குத்தான் இருந்தது.

சீட்டு அச்சானது. சூப்பரின்டெண்டென்ட் அம்மா அதைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பெண் உறையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடினாள். நர்சிங்கில் சேர்ந்துவிட்டாள் என்று அடுத்த வாரம் அவளுடைய தோழிகள் சொன்னார்கள். என்னிடம் அவள் பேசவில்லை. அவளைப் பொறுத்தவரை சிஸ்டத்தில் ஏதோ கோளாறு, செய்தவரே சரி பண்ணிவிட்டார், அவ்வளவுதான்.

குறிப்பேட்டில் என் பெயர், தேதி, நேரம், மாற்றியது என்ன என்று எல்லாம் ஏறியிருந்தது. அந்த வரியையும் அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. திங்கட்கிழமை நானே போய்த் தாளாளரிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை.

"என் பேர்ல நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க மேடம். அதுக்கு வேற பேரு இருக்கு" என்றார்.

அது உண்மை. தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். இது வெளியே தெரிந்தால் கணினித் துறையில் எங்கேயும் வேலை கிடைக்காது என்றார், ஆனால் தான் யாரிடமும் சொல்லப்போவதில்லை என்றார். நீங்களும் கொஞ்ச நாள் போகிற பேச்சை எடுக்காதீர்கள் என்று முடித்தார். வேலையை விட்டு நீக்கிவிடுவார் என்ற பயத்தோடு உள்ளே போனேன். நீக்காமல் விட்டாரே என்ற பயத்தோடு வெளியே வந்தேன்.

அதோடு முடியவில்லை. இனி யாரும் உள்ளே புகுந்து மாற்ற முடியாதபடி செய்துகொடுங்கள் என்றார். செய்தேன். எனக்கிருந்த அனுமதியை நானே எடுத்தேன், நேரடியாகத் திருத்தும் வழியை அடைத்தேன், புதுக் கடவுச்சொல்லை உறையில் வைத்து ஒட்டி அவர் மேஜையில் வைத்தேன். ஒழுங்காகத்தான் செய்தேன். நான் சொல்லிக்கொடுக்கும் பாடத்தின்படி அது முன்பே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு வந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வகுப்பு, பஸ், வீடு. பெங்களூரிலிருந்து என் கணவர் மாதம் ஒரு முறை வருவார். நாங்கள் மலைக்கோட்டைக் கடைத்தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக நடப்போம். பெங்களூர் வீட்டுக்கு என்று ஏதாவது பாத்திரமோ திரைச்சீலையோ வாங்குவோம். அவர் தனியாக எடுத்துக்கொண்டு போவார். ஒரு கட்டத்தில் வாங்குவதையும் நிறுத்திவிட்டோம். வகுப்பில் திடீரென்று பேச்சு நின்றுவிடும். மாணவிகள் நான் யோசிக்கிறேன் என்று நினைத்துக் காத்திருப்பார்கள்.

மாசி மாதம் தாளாளர் ஒரு சின்ன வேலை சொன்னார். விடுவிப்புப் பக்கத்தில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் அவர் விண்ணப்பித்த தேதி இருக்கும்.

"அந்தத் தேதி எதுக்கு மேடம்? எடுத்துடுங்க."

பதிவுகளைத் திருத்த முடியாவிட்டாலும் பக்கத்தின் அமைப்பை மாற்றும் வேலை இன்னும் என்னிடம்தான் இருந்தது. சரி சார் என்று சொல்லிவிட்டு ஆய்வகத்துக்கு வந்து பக்கத்தைத் திறந்தேன். என் பெயர் இருந்தது, தேதி இருந்தது. அது போய்விட்டால் நான் கேட்டதாகவே இருக்காது. காத்திருக்கிறேன் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தத் தேதி. இத்தனை நாள் பொறுத்த என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. என் விவரத்தை மட்டும் ஒரு தாளில் அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். தேதியை எடுக்கவில்லை. மறுநாள் கேட்டபோது, அது என்னால் முடியாது சார் என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

அன்று சாயங்காலம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். சான்றிதழ்களை வைத்திருப்பது விதிக்கு முரண் என்று எனக்கு முன்பே தெரியும், எல்லோருக்கும் தெரியும். நான் எழுதத் தயங்கியது வேறு காரணத்துக்காக. அந்தக் காரணத்தையும் கடிதத்தில் எழுதினேன். தாளாளரின் ஒப்புதல் இல்லாமல் ஒரு மாணவியின் பதிவை நான் திருத்தினேன், அது தவறு, அதற்கான விளைவை ஏற்கிறேன் என்று. அப்பா படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பாராவை எடுத்துடும்மா. கேக்காததை நாமளா எதுக்குச் சொல்லணும்?"

"அத வச்சுத்தாம்ப்பா என்னைப் பிடிச்சு வச்சிருக்காரு" என்றேன்.

காலையில் அப்பாவே என்னோடு தபால் நிலையத்துக்கு வந்தார். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. ஒரு நகல் தாளாளருக்கு.

மூன்று வாரம் கழித்துக் கல்லூரியிடம் விளக்கம் கேட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. தாளாளர் கூப்பிட்டனுப்பினார். இந்த முறை காபி வரவில்லை.

"என் மேல எழுதினீங்க, சரி. உங்க மேலயே ஏன் எழுதிக்கிட்டீங்க?"

எழுதாவிட்டால் நான் இங்கேயே இருந்திருப்பேன் சார் என்றேன். அவர் கணினிப் பக்கம் திரும்பினார். டிக் செய்ய ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்த ஒரு நொடிக்கு நான் ஏறக்குறைய ஒரு வருஷம் காத்திருந்தேன். பணிவிடுவிப்பு ஆணையில் நடந்ததைக் குறிப்பிடுவேன் என்றார். குறிப்பிட்டார். 'அனுமதியின்றிப் பதிவைத் திருத்தியவர்' என்று ஒரு வரி. பொய் இல்லாததால் அப்படியே வாங்கிக்கொண்டேன்.

உறையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது பெரிதாக ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றபோதும் யாரோ பின்னால் கூப்பிடுவார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி வேறு நான்கு ஆசிரியர்கள் எழுதினார்கள். மூன்று பேருக்குக் கிடைத்தது. நான்காவது ஆள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். எழுதாதவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. இப்போது அந்தப் பக்கத்தைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை.

பெங்களூரில் இரண்டு நிறுவனங்கள் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வேண்டாம் என்றன. அதைப் பளிச்சென்று சொன்னதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. மூன்றாவது, ஒரு சின்ன நிறுவனம். அங்கே இருந்த அம்மாள் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, மற்றவர்கள் எழுதும் புரோகிராமில் தவறு கண்டுபிடிக்கும் வேலை கொடுத்தார். இன்னும் அதுதான் செய்கிறேன்.

நான் பெட்டியோடு பெங்களூர் வீட்டுக்குப் போய் இறங்கிய அன்று என் கணவர் சமைத்து வைத்திருந்தார். இருவரும் உட்கார்ந்தோம். சோறு போதவில்லை. கல்யாணமாகி ஒன்றேகால் வருஷத்தில் அவருக்கு ஒரு ஆளுக்கு அரிசி போட்டே கை பழகியிருந்தது. எழுந்து போய் இன்னொரு முறை குக்கரை வைத்தார். விசில் வரும்வரை இரண்டு பேரும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம்.